அளவு ரவிக்கை

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாளோ இல்லையோ, புடவையின் நிறம், கரையின் அகலம், ரவிக்கையின் கை நீளம், காதில் ஆடுகிற ஜிமிக்கி எல்லாவற்றையும் ஒரு பாராவுக்கு வர்ணித்துவிட்டுத்தான் அவளை வாய் திறக்கவே விடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். ஆனால், அந்தக் கதாநாயகிக்குப் பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் தோள் கடுக்கிறது என்றோ, முதுகில் கொக்கி குத்துகிறது என்றோ, எப்போது வீட்டுக்குப் போய் அதைக் கழற்றிப் போடுவோம் என்று அவள் ஏங்குகிறாள் என்றோ எந்த நாவலிலும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இத்தனைக்கும் இது அபூர்வமான சங்கதி அல்ல. பஸ்ஸில் ஏறினால் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைச் சற்றுக் கவனியுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருத்தி தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் தோளில் விரலை விட்டு எதையோ மேலே இழுத்துவிட்டுக்கொள்வாள். இன்னொருத்தி சீட்டில் முதுகைச் சாய்த்து இப்படியும் அப்படியும் தேய்ப்பாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்த பெண்மணி ஒருத்தி ஓர் ஓரமாகப் போய், சுவரைப் பார்த்து நின்று, ஒரு கணம் என்னவோ செய்துவிட்டுத் திரும்பி வருவாள். முகத்தில் அப்போதுதான் கல்யாணக் களை வரும்.

"எதையோ", "என்னவோ" என்று நானும் பூசி மெழுகுகிறேன், பாருங்கள்! நம் வீடுகளில் பாடி என்று சொல்லிவந்த, இப்போது பிரா என்று சொல்கிற உள்ளாடையைத்தான் சொல்கிறேன். பட்டுப் புடவையின் விலையை நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி விவாதிக்கிற நாம், இந்த ஒரு துணியைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. பேசாததன் பலன், பெண்களில் ஏராளமானவர்கள் தங்களுக்குப் பொருந்தாத அளவை அணிந்துகொண்டே காலம் தள்ளுகிறார்கள்.

இது என் கற்பனை அல்ல. ஆஸ்திரேலியாவில் முதுகுவலி உள்ள இளம் பெண்கள் 30 பேரை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2008-ம் வருஷம் வெளியாயிற்று. அந்த 30 பேரில் 24 பேர் தவறான அளவை அணிந்திருந்தார்கள். 21 பேருக்கு அது சிறியது. 3 பேருக்குப் பெரியது. 30 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதை வைத்து உலகத்துப் பெண்களையெல்லாம் கணக்கிட்டுவிட முடியாது. "பத்துக்கு எட்டுப் பேர்" என்று விளம்பரக்காரர்கள் தம்பட்டம் அடிப்பதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால், கடைகளுக்குப் பஞ்சமில்லாத தேசத்திலேயே இந்தக் கதி என்பதைக் கவனிக்க வேண்டும் அல்லவா?

எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். பெரிய குடும்பத்துக்கு மூத்த மருமகள். ராத்திரி அடுப்பங்கரை வேலை முடிந்ததும் கூடத்தில் வந்து சாய்வாள். குழந்தைகளாகிய நாங்கள் முறை வைத்துக்கொண்டு அவள் தோளை அமுக்கிவிடுவோம். இரண்டு தோளிலும் விரல் பதிந்து உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், கிணற்றுக் கல்லில் கயிறு பட்டுத் தேய்ந்த தடத்தைப் போல. "இது என்ன பெரியம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "தண்ணி சுமந்த உடம்பு இல்லையாடி! அப்படித்தான் இருக்கும்" என்றாள். குடத்தை இடுப்பில் அல்லவா சுமப்பார்கள், தோளில் ஏன் பள்ளம் விழுந்தது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை; பத்து வயசுப் பெண் அதற்குமேல் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். பெரியம்மா தைலம் தடவிக்கொண்டாள், மாத்திரை விழுங்கினாள், எலும்புத் தேய்மானம் என்று யாரோ சொன்னதையும் நம்பினாள். அந்தப் பள்ளத்தைத் தோண்டியது ஒரு விரல் அகலம்கூட இல்லாத பாடி வார்தான் என்று அவளுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அது எப்படி என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள், கழித்தல் கணக்குதான்.

மார்பகத்தில் எலும்பு கிடையாது. அதைத் தூக்கிப் பிடிக்கத் தசையும் கிடையாது. தோலும் உள்ளே உள்ள மெல்லிய நார்களுந்தான் அதற்குப் பிடிமானம். அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகப் பிராவில் ஏற்பட்ட பாகம் தோளில் போகிற வார் அல்ல; மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றிப் போகிற பட்டி. பட்டி கச்சிதமாகப் பிடித்து, முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருந்தால், பாரத்தில் பெரும்பகுதியை அதுவே ஏற்றுக்கொள்ளும். பட்டி தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். முன்பக்கம் கீழே இறங்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? வாரைப் பிடித்துச் சுருக்குகிறோம். பாரம் முழுவதும் தோளுக்குப் போய்விடுகிறது. முப்பது வருஷம் அப்படிச் சுமந்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

சரி, பட்டி ஏன் தொளதொளக்கிறது? இங்கேதான் நம்முடைய அளவு ரவிக்கை வந்து சேருகிறது.

தமிழ்நாட்டுப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்த எண் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். "எனக்கு 36" என்பாள். அது ரவிக்கையின் அளவு; மார்பின் எடுப்பான இடத்தில் சுற்றி எடுக்கிற அளவு. அதையாவது டேப் வைத்து அளந்திருப்பாளா என்றால், அதுவும் சந்தேகம். தையல்காரர் கிட்டே வந்து அளக்க எத்தனை பேர் சம்மதிக்கிறோம்? நன்றாகப் பிடித்த பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்து, "இதே மாதிரி தைச்சுடுங்க" என்றுவிடுகிறோம். அந்த ரவிக்கையும் அதற்கு முந்தின ஓர் அளவு ரவிக்கையைப் பார்த்துத் தைத்ததுதான். இப்படியாக உடம்பை அளக்காமல், துணியைக் கொண்டே துணியை அளந்துகொண்டு வருகிறோம். ரவிக்கை விஷயத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. கெட்டிக்காரத் தையல்காரர் உள்ளே துணி விட்டுத் தைத்திருப்பார். பிடித்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். தளர்ந்தால் ஒரு தையல் போட்டுக்கொள்ளலாம்.

அந்த 36-ஐ மனத்தில் வைத்துக்கொண்டே உள்ளாடைக் கடைக்கும் போகிறோம். ஆனால், பிராவின் மேல் அச்சடித்திருக்கிற எண் வேறு ஜாதி. அது மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி எடுக்கிற அளவைச் சேர்ந்தது. இரண்டும் அங்குலக் கணக்கு, பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி எண். அதனால் என்ன? தெருவில் இரண்டு சுப்பிரமணியங்கள் இருந்தால் ஒருவருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் வீட்டில் போட்டுவிடலாமா?

எண்ணுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதுதான் மார்பைப் பற்றியது. மேலளவிலிருந்து கீழளவைக் கழிக்க வேண்டும். ஓர் அங்குலம் வித்தியாசமானால் ஏ, இரண்டானால் பி, மூன்றானால் சி, நான்கானால் டி. ஆகவே ரவிக்கை அளவு 36, விலாவின் சுற்றளவு 32 என்றால், அந்தப் பெண்ணுக்கு வேண்டியது 32 டி. அவள் கேட்பதோ 36. கடைக்காரர் எடுத்துப் போடுவது அநேகமாக 36 பி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 36 பி-யின் கப்பும் 32 டி-யின் கப்பும் கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்றேதான். பட்டி இரண்டு அங்குலம் ஏறும்போது எழுத்து ஒன்று இறங்கினால் கப் மாறுவதில்லை. 32 டி, 34 சி, 36 பி மூன்றும் இந்த விதத்தில் அக்கா தங்கைகள். அதனால் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முன்பக்கம் சரியாகவே இருக்கும். கண்ணாடி ஒரு குற்றமும் சொல்லாது. குற்றமெல்லாம் பின்னால், அந்த நாலு அங்குலத் தளர்ச்சியில் இருக்கிறது. முதுகை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? தவறான அளவை ஒரு பெண் வருஷக்கணக்கில் அணிந்துகொண்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது இப்படித்தான். அவள் அசடு என்பதனால் அல்ல.

இந்த எழுத்துக் கணக்கு ஒன்றும் ஆதிகாலத்திலிருந்து வந்தது அல்ல. மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற நியூயார்க் பெண் இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்து, இறுகிய பழைய உள்ளாடைக்குப் பதிலாக ஒன்றைச் செய்துகொண்டாள். 1914-ம் வருஷம் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் பெற்றாள். 1932-ம் வருஷத்தில்தான் எஸ்.ஹெச். கேம்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி மார்பின் அளவுக்கு ஏ முதல் டி வரை எழுத்து வைத்தது. அதற்குப் பிறகாவது எல்லாரும் ஒரு வழிக்கு வந்தார்களா என்றால், அதுதான் இல்லை. ஜெர்மனியில் 75 என்று சென்டிமீட்டரில் எழுதுவதை, பிரான்ஸில் 15 கூட்டி 90 என்கிறார்கள். இங்கிலாந்தில் அதுவே 34. நம் நாட்டிலேயே சில கம்பெனிகள் விலா அளவை அப்படியே எண்ணாகப் போடுகின்றன. சில கம்பெனிகள் அதோடு நாலைந்து அங்குலம் கூட்டிப் போடுகின்றன. ஒரே பெண் ஒரு கம்பெனியில் 32 டி, இன்னொரு கம்பெனியில் 36 ஏ என்றாகிவிடலாம். அந்தந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலைப் பார்க்காமல் வெறும் எண்ணை நம்பினால், நம்மிடம் ஒரு தப்பும் இல்லாமலே ஏமாந்துபோவோம்.

என் அண்ணன் மகள் இருபத்து நாலு வயசுக்காரி, வேலைக்குப் போகிறாள். சென்ற வருஷம் என் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது, "கையைத் தூக்கினா எல்லாம் மேலே ஏறிடுது அத்தை" என்று அலுத்துக்கொண்டாள். டேப்பைக் கையில் கொடுத்து, அறைக்குள் போய் அளந்துகொண்டு வரச் சொன்னேன். கீழே 30, மேலே 34. "32 பி-தானே எப்பவும் அம்மா வாங்கித் தருவாங்க?" என்றாள். "கழிச்சுப் பாரு" என்றேன். கழித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அத்தை, டி-யா!"

சினிமாவும், பையன்களின் கேலியும் சேர்ந்து செய்த வேலை அது. டி என்றால் ஏதோ பூதாகாரமான அளவு என்று எண்ணம். "டி-ன்னா நாலு அங்குல வித்தியாசம், அவ்வளவுதான். 30-லே இருக்கிற டி வேறே. 40-லே இருக்கிற டி வேறே. உன்னோட டி-யும் இன்னொருத்தியோட 34 பி-யும் ஒரே கொள்ளளவுதான்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவளுக்கு மனசு சமாதானமாயிற்று. "அம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க அத்தை" என்றாள். அண்ணியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தை ஆரம்பித்தேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தாழ்ந்த குரல்: "இதையெல்லாமா போன்லே பேசறது? உங்க அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காரு!"

அண்ணியைச் சொல்லிக் குற்றமில்லை. ரசத்துக்கு எப்போது பெருங்காயம் போட வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எத்தனையோ தலைமுறைகளாகத் தாய் மகளுக்குச் சொல்லிவந்த பாடங்கள். பிரா வந்து எத்தனை தலைமுறை ஆகிறது? என் பாட்டியைப் பெற்றவள் ரவிக்கையே போட்டதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சுற்றிச் செருகிக்கொள்வாளாம். அப்படிப்பட்ட கிழவிகளைக் கிராமங்களில் நானே சிறு வயசில் பார்த்திருக்கிறேன். பாட்டி காலத்தில் ரவிக்கை வந்தது. அம்மா காலத்தில் பருத்தித் துணியில் பாடி தைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறந்தான் அட்டைப் பெட்டியில் எண்ணும் எழுத்துமாக வந்து இறங்கியது. பாட்டி வைத்தியம் உண்டு. பாட்டி சொன்ன பிரா கணக்கு என்று ஒன்று இருக்க நியாயமே இல்லை.

வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் கடையிலாவது சொல்லித்தரலாம். அங்கே நடப்பதுதான் தெரியுமே. மேஜைக்கு அப்பால் நிற்கிறவர் பல ஊர்களில் ஆண்பிள்ளை. "என்ன சைஸும்மா?" என்று அவர் கேட்பது புடவைப் பிரிவு வரைக்கும் எட்டும். எண்ணை வாய்க்குள்ளே சொல்லி, அவர் எடுத்துப் போட்டதை வாங்கி, பேப்பரில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தால்தான் உயிர் வரும். கால் கிலோ கத்திரிக்காயை நாலு தடவை புரட்டிப் பார்க்கிறவள் இதைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டாள். பெரிய ஊர்களில் இப்போது பெண்களே விற்கிற, போட்டுப் பார்க்க அறையும் உள்ள கடைகள் வந்திருக்கின்றன என்பது வாஸ்தவம். செல்போனிலேயே தருவித்துக்கொள்ளலாம் என்பதும் வாஸ்தவம். ஆனால், செல்போனும் முதலில் கேட்கிற கேள்வி, "என்ன சைஸ்?" என்பதுதான்.

அந்த எண்ணை நாம் ஜன்ம நட்சத்திரம் மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறோம். கன்னிப் பெண்ணாக இருந்தபோது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, பால் கொடுத்து, எடை ஏறி இறங்கி, மாதவிலக்கு நின்ற பிறகும் அப்படியே நிற்கிறது. நட்சத்திரம் மாறாது, உடம்பு மாறும். மாதத்தில் சில நாட்கள் மார்பு கனத்து வலிக்கிறதே, அந்த மாதத்துக்குள்ளேயே மாறுகிறது.

வாங்கி வந்த பிறகு அதைக் கவனிப்பதிலும் இதே சங்கோசந்தான். வெயிலில் காய வேண்டிய துணி, கொடியில் பாவாடைக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஈரம் உலராமல் கிடக்கிறது. மறுநாள் அந்த ஈரத்தோடு அணிந்து, நம் ஊர் வேர்வையும் சேர்ந்தால், மார்புக்குக் கீழே படையும் அரிப்பும் வந்து தொலைக்கின்றன. அதையும் யாரிடமும் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த டாக்டர் அம்மாள் ஒருவர் சொன்னார்: "பெண்கள் வருவார்கள். சளி என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து போய்க் கதவில் கை வைப்பார்கள். அப்போதுதான் திரும்பி, 'டாக்டர், இன்னொரு விஷயம்' என்பார்கள். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் வந்திருப்பார்கள். அதில் சிலரைப் பார்த்ததும் ஆறு மாசத்துக்கு முன்னால் ஏன் வரவில்லை என்று கத்த வேண்டும் போல இருக்கும்." மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டும் வாயைத் திறக்காமல் இருந்தவர்களைப் பற்றித்தான் அவர் சொன்னார்.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இறுக்கமான பிரா அணிவதால் புற்றுநோய் வரும் என்று ஒரு வதந்தி உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்துப் பெண்களை வைத்து ஆராய்ந்து, அப்படி ஒரு சம்பந்தமும் காணவில்லை என்று 2014-ம் வருஷம் வெளியிட்டிருக்கிறார்கள். தவறான அளவு உயிரை வாங்காது. தோளையும் முதுகையும் வாட்டும், தோலை ரணமாக்கும், அவ்வளவுதான். என் கவலை வேறு. சைஸைச் சொல்லக் கூசிக் கூசிப் பழகிய அதே வாய்தானே, கட்டியைச் சொல்ல வேண்டிய நாளிலும் மூடிக்கொள்கிறது?

ஆகையால், பெரிய சீர்திருத்தம் எதற்கும் நான் அழைக்கவில்லை. அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றிப் பிடித்து ஓர் அளவு. எடுப்பான இடத்தில் இறுக்காமல் ஓர் அளவு. கழித்துப் பாருங்கள். கம்பெனியின் பட்டியலைப் பாருங்கள். புதிதாக வாங்கியது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்த வரிசையில், கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். எலாஸ்டிக் நாளாக ஆகத் தளரும், அப்போது உள் வரிசைக்குப் போகலாம். முதுகில் பட்டிக்கு அடியில் இரண்டு விரல் போகலாம், கையே போகக்கூடாது. முதுகுப் பக்கம் மேலே ஏறியிருந்தால் பட்டி பெரிது. மேலே பிதுங்கினால் கப் சிறிது. வாரைத் தோளிலிருந்து இறக்கிப் பார்த்தால் எல்லாம் தொப்பென்று விழுகிறதா? அப்படியானால் இத்தனை நாளும் பட்டி செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, பழைய துணி கழிக்கிற போகிப் பண்டிகையை ஒட்டி அளந்துகொண்டால் மறக்காது.

இந்த வம்பெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுதுவதா என்று சிலர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். வம்பு என்ற சொல்லை நிகண்டில் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் மார்பில் அணிகிற கச்சு என்றும் அதற்கு ஒரு பொருள் போட்டிருக்கிறது. பழைய புலவர்கள் அதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் செய்யுளில் வைத்தார்கள். அவர்கள் அதை வெளியே நின்று பார்த்தவர்கள். அணிந்துகொண்டு நாள் முழுவதும் வேலை செய்கிற நாங்கள், அது தோளில் வெட்டுகிறது என்று உரைநடையிலாவது சொல்லிக்கொள்ளக்கூடாதா?